உஷார்! புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியதும் கம்ப்யூட்டர் எழவில்லையா? முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்!

ஸ்விட்சிலிருந்து கையை எடுங்கள். முதல் அழுத்தலில் திரை வரவில்லை என்றால் பத்தாவது அழுத்தலிலும் வரப்போவதில்லை. உள்ளே ஒரு கேபிள் தப்பாகச் செருகப்பட்டிருந்தால், ஒவ்வோர் அழுத்தலும் அதே தப்பின் வழியாக இன்னொரு முறை மின்சாரத்தைப் பாய்ச்சும். கருகல் வாடை வந்தாலோ, பட்டென்று சத்தம் கேட்டாலோ யோசிக்கவே வேண்டாம். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இப்படி அலறுவதற்குக் காரணம் உண்டு. சீல் பிரிக்காத புதுக் கார்டு செத்தே வந்து சேர்வது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. மாட்டியதும் திரை கறுப்பாக நின்றால், காரணம் பெரும்பாலும் சில்லறைச் சமாச்சாரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தபின் வருகிற அரை மணி நேரம் இருக்கிறதே, அதில் பதற்றத்தோடு செய்கிற வேலைகள்தான் மதர்போர்டைக் காவு வாங்குகின்றன, எஸ்எஸ்டியைச் சாகடிக்கின்றன, குடும்பப் படங்களையும் கல்லூரிப் பிராஜெக்டையும் கைக்கு எட்டாமல் பூட்டிவிடுகின்றன. பரணில் கிடந்த பழைய எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) கேபிளை எடுத்து மாட்டுவது, பொருந்தாத கனெக்டரை அமுக்கித் திணிப்பது, யாரோ வீடியோவில் சொன்னார் என்று பயாஸை ரீசெட் அடிப்பது. மூன்றுமே ஆபத்தானவை. கார்டு எழாதது நஷ்டமே இல்லை. இவை மூன்றும் நஷ்டம்.

ஆகவே பின்வாங்குங்கள். பிளக்கைப் பிடுங்கியபின் கேபினெட்டின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். பிளக் இருக்கும்வரை மதர்போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பல போர்டுகளில் அதற்கென்றே ஒரு சின்ன விளக்கு எரியும். அந்த விளக்கு அணைந்த பிறகுதான் கார்டில் கை வைக்க வேண்டும். கேபினெட்டின் வெற்று உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, புதுக் கார்டைக் கழற்றுங்கள். பழைய கார்டு இருந்தால் அதை மாட்டுங்கள். இல்லையென்றால் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகுங்கள். இப்போது ஆன் செய்து பாருங்கள்.

பழையபடி எழுந்ததா? பாதிக் கவலை தீர்ந்தது. போர்டு, பிராசஸர், ராம், டிஸ்க் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. சிக்கல் கார்டுக்குப் போகும் மின்சாரத்திலோ, அது உட்கார்ந்த விதத்திலோ, பயாஸ் அமைப்பிலோ இருக்கிறது.

இங்கேயே ஒரு குழி உண்டு. பெயரின் கடைசியில் 'எஃப்' போட்ட இன்டெல் பிராசஸர்களில், உதாரணத்துக்கு ஐ5-10400எஃப், ஐ5-12400எஃப் போன்றவற்றில், உள்ளேயே இருக்க வேண்டிய கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 3600, 5600 வகையறாவும் அப்படித்தான். இவற்றில் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் எச்டிஎம்ஐ-யில் எதைச் செருகினாலும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "போர்டும் போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டு, போர்டைத் தூக்கிக் கடைக்கு ஓடுகிறவர்கள் நிறைய. உங்கள் பிராசஸர் பெயரை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வகை என்றால், சோதிப்பதற்கு நண்பரிடம் ஏதாவது ஒரு பழைய கார்டைக் கடன் வாங்குவதுதான் வழி.

இதே குழப்பத்தின் மறுபக்கம் இன்னும் சாதாரணமானது. புதுக் கார்டு மாட்டிய பிறகும் மானிட்டர் கேபிளைப் பழக்கதோஷத்தில் மதர்போர்டிலேயே செருகிவிடுவது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திரை மட்டும் 'நோ சிக்னல்' காட்டும். கேபிள் கார்டின் துளையில்தான் போக வேண்டும். மானிட்டர் எந்த இன்புட்டில் நிற்கிறது என்பதையும் அதன் மெனுவில் பாருங்கள். பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து என்விடியா கார்டுகளில் அனலாக் சிக்னலே கிடையாது. உள்ளே சர்க்யூட் வைத்த கன்வெர்ட்டர்தான் வேண்டும். சும்மா வடிவத்தை மட்டும் மாற்றும் முனை உதவாது.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்தக் கனெக்டரில் 20-ஆவது பின் மின்சாரத்துக்கானது. சாதாரணக் கேபிளில் இரு முனைக்கும் நடுவே அதை இணைக்கவே கூடாது என்பது விதி. மலிவான சில கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். அப்போது மானிட்டரிலிருந்து மின்சாரம் பின்வழியாகக் கார்டுக்குள் ஏறி, கம்ப்யூட்டரைப் பூட் ஆகவே விடாமல் செய்யலாம். கேபிளை உருவிவிட்டு ஆன் செய்தால் எழுகிறது, மாட்டினால் எழவில்லை என்றால் சந்தேகம் கேபிள் மேல்தான்.

மின்சாரம்: உயிரெடுக்கும் இடம் இதுதான்

மதர்போர்டில் கார்டு உட்காரும் நீள ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். அதற்குமேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கேபிள் வர வேண்டும். 6 பின் கனெக்டர் 75 வாட், 8 பின் கனெக்டர் 150 வாட். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 75 வாட் கார்டுகள் பல ஸ்லாட்டை மட்டும் நம்பியே ஓடும். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட், ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட். தனிக் கேபிளை மாட்ட மறந்தால் இவற்றின் மின்விசிறி சுற்றலாம், விளக்கு எரியலாம், படம் வராது. சில கார்டுகள் 'பவர் கேபிளை மாட்டு' என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும். அப்படிச் சொன்னால் அது நல்ல கார்டு.

இங்கேதான் அந்த எமன் கேபிள் வருகிறது. பிராசஸருக்குப் போகும் 8 பின் கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 8 பின் கேபிளும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பிராசஸருடையது நாலும் நாலுமாகப் பிரியும். கார்டினுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். உள்ளே மின்சாரம் ஓடும் வரிசை தலைகீழ். பிராசஸர் கனெக்டரில் கொக்கி இருக்கும் பக்கத்துக் கம்பிகளில் 12 வோல்ட் வருகிறது. கார்டு கனெக்டரில் அதே பக்கம் எர்த் கம்பிகள். ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகினால் 12 வோல்ட் நேராக எர்த்தில் போய் மோதும். பிளாஸ்டிக் துளைகளின் வடிவத்தை இதற்காகவேதான் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பலம் கொண்ட கை திணித்தால் உள்ளே போய்விடும். நல்ல எஸ்எம்பிஎஸ் ஷார்ட் ஆனதை உணர்ந்து உடனே அணைந்துகொள்ளும். மட்டமானது அணையாது. அப்போது எது பொசுங்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். கேபிளின் முனையில் 'சிபியு' என்றும் 'பிசிஐ-இ' அல்லது 'விஜிஏ' என்றும் அச்சிட்டிருப்பார்கள். டார்ச் அடித்துப் படியுங்கள். அமுக்கினால்தான் போகிறது என்றால் அது அதன் இடம் இல்லை.

அதைவிடப் பயங்கரமானது மாடுலர் கேபிள். விலையுயர்ந்த எஸ்எம்பிஎஸ்களில் கேபிள்களை இரு முனையிலும் கழற்றலாம். கார்டு பக்க முனைக்கு உலகம் முழுக்க ஒரே தரம். எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு எந்தத் தரமும் கிடையாது. ஒரு கம்பெனி 12 வோல்ட் வைத்த துளையில் இன்னொரு கம்பெனி எர்த் வைத்திருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு இடையிலேயே மாறும். துளைகள் மட்டும் அழகாகப் பொருந்தும்! புதுக் கார்டுக்காகப் பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்கி, கேபினெட்டில் ஏற்கெனவே அழகாக இழுத்துக் கட்டியிருக்கும் பழைய கேபிள்களை அப்படியே விட்டு, பெட்டியை மட்டும் மாற்றுகிறார்கள் பாருங்கள், அந்த நொடியில் கதை முடிந்தது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாம் ஒரே அழுத்தலில் சாகும். இதற்கு வாரண்டியும் கிடையாது. எஸ்எம்பிஎஸ் மாறினால் எல்லாக் கேபிளும் மாற வேண்டும், ஒன்றுகூட மிச்சம் வைக்காமல். ஏற்கெனவே இப்படிக் கலந்து மாட்டிவிட்டு, "ஆன் ஆகவில்லையே" என்று இப்போது இதைப் படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்னொரு முறை ஆன் செய்யாதீர்கள்.

"8 பின் கேபிள் இல்லையே, கன்வெர்ட்டர் போட்டுக்கலாமா?" என்று கேட்டால் கடையில் நூறு இருநூறு ரூபாய்க்கு ஒன்று எடுத்து நீட்டுவார்கள். சாட்டா பவர் கனெக்டரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் கேபிளைத் தொடவே தொடாதீர்கள். சாட்டா கனெக்டர் 12 வோல்டில் தாங்குவது 54 வாட். கார்டு 6 பின்னிலிருந்து 75 வாட் வரை இழுக்கலாம். கணக்கிலேயே உதைக்கிறது. முதல் நாள் ஓடும், கேம் ஆடும் ஒரு ராத்திரியில் உருகும். கார்டுக்குத் தேவையான கேபிள் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் இயல்பாகவே இல்லை என்றால், அந்த எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்காகச் செய்யப்படவில்லை என்று பொருள்.

எஸ்எம்பிஎஸ் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையில் 12 வோல்டுக்கு நேராக எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். கேபினெட்டோடு சேர்த்துத் தரும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் வெளியே 450 வாட் என்று இருந்து, உள்ளே 12 வோல்டுக்கு 18 ஆம்ப் என்று இருந்தால், பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது அந்த 216-லிருந்துதான். ஆர்டிஎக்ஸ் 4060 சின்னக் கார்டுதான். அதற்கே என்விடியா 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறது. ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 850.

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் ஆபீஸ்களிலிருந்து கழித்த டெல், எச்பி கம்ப்யூட்டர்களை மலிவாக வாங்கி, பிள்ளைகள் கேம் விளையாட ஒரு கார்டு போடலாம் என்று நினைக்கிற வீடுகள் ஏராளம். வாங்குவது தப்பில்லை; அவை உழைக்கிற எந்திரங்கள். ஆனால் ஆப்டிபிளெக்ஸ் 7010-இன் சின்ன உருவ மாடலில் இருப்பது 240 வாட் எஸ்எம்பிஎஸ். கார்டுக்கான தனிக் கேபிளே அதில் கிடையாது. இந்த வகை ஆபீஸ் எந்திரங்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் அளவும் கனெக்டரும் கம்பெனியின் சொந்த வடிவம் என்பதால் கடையில் விற்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை உள்ளே வைக்கவும் முடியாது. இவற்றுக்கு ஸ்லாட்டை மட்டும் நம்பி ஓடும், குள்ள வடிவக் கார்டுதான் சரி. அதற்குமேல் ஆசைப்பட்டால் வேறு கம்ப்யூட்டர் பாருங்கள்.

பெரிய பணம் போட்டு வாங்கியவர்களும் தப்பவில்லை. 2022 அக்டோபரில் 450 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது அதில் 16 பின் கொண்ட புதுவகைக் கனெக்டர், 12விஎச்பிடபிள்யூஆர், இருந்தது. ஒரே கனெக்டர் 600 வாட் வரை. வந்த மாதமே உருகிய கனெக்டர்களின் படங்கள் வரத் தொடங்கிவிட்டன. முழுதாக உள்ளே அமுக்காமல் விட்டதே முக்கியக் காரணம் என்றது என்விடியா. பிறகு சென்ஸ் பின்களின் நீளத்தைக் குறைத்து 12வி-2எக்ஸ்6 என்ற திருத்தப்பட்ட வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். இதில் கனெக்டர் முழுதாக உட்காராவிட்டால் கார்டுக்கு மின்சாரம் போகக் கூடாது என்பது ஏற்பாடு. ஆகவே இந்த வகைக் கார்டு எழவில்லை என்றால், அது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். கொக்கி 'கிளிக்' என்று விழும்வரை, இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அமுக்குங்கள். கனெக்டரின் கழுத்தருகிலேயே கேபிளை மடக்காதீர்கள். 575 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 5090 வந்த பிறகும், 2025-இல், கனெக்டர் உருகிய செய்திகள் நிற்கவில்லை. எனவே எழுந்துவிட்டது என்று நிம்மதியாக மூடிவிடாமல், முதல் சில நாள்களில் கம்ப்யூட்டரை அணைத்தபின் அந்த முனையில் நிறம் மாறியிருக்கிறதா, வாடை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அது சொல்வதைக் கேளுங்கள்

எழாத கம்ப்யூட்டர் ஊமை இல்லை. பட்டனை அழுத்தியதும் விசிறிகள் அரை நொடி உதறி நின்றுவிட்டால், எஸ்எம்பிஎஸ் எங்கோ ஷார்ட்டை உணர்ந்து அணைந்துகொண்டது என்று அர்த்தம். மறுபடி அழுத்தக் கூடாத இடம் இது. பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு, கேபிள்களை முதலிலிருந்து பாருங்கள். விசிறி ஓடுகிறது, திரை இல்லை என்றால் மதர்போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றனவா பாருங்கள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடை. பழைய போர்டு என்றால் பீப் சத்தம். அவார்டு பயாஸில் ஒரு நெடிய, இரண்டு குட்டைப் பீப் என்றால் கிராபிக்ஸ். ஏஎம்ஐ பயாஸில் எட்டுப் பீப் என்றால் கிராபிக்ஸ் மெமரி.

டிராம் விளக்கு எரிந்தால், "கார்டு மாற்றினால் ராம் எப்படிப் போகும்?" என்று திகைக்க வேண்டாம். கனமான கார்டை அழுத்தும்போது போர்டு வளைந்து ராம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். கழற்றி மாட்டினால் தீரும். டிடிஆர்5 ராம் வைத்த ஏஎம்டி ஏஎம்5 போர்டுகளில் ஒரு தனி அவஸ்தை. பயாஸ் ரீசெட் ஆனாலோ ராமை மாற்றினாலோ, முதல் முறை அது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருக்கும். பொறுமை இல்லாமல் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

விஜிஏ விளக்கு என்றால் கார்டு உட்கார்ந்த விதத்தைப் பாருங்கள். தங்க நிறப் பற்களின் மேல் சில கம்பெனிகள் பிளாஸ்டிக் மூடி போட்டு அனுப்புகின்றன. அதைக் கழற்றாமல் மாட்டப் பார்த்தவர்கள் உண்டு. ஸ்லாட்டின் முனையில் இருக்கும் தாழ்ப்பாள் தானாக ஏறி விழ வேண்டும். கார்டின் உலோகத் தகடு கேபினெட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் போகாமல் கேபினெட் மேல் உட்கார்ந்துகொண்டால், கார்டு ஒரு பக்கம் தூக்கியே நிற்கும். ஸ்க்ரூ முடுக்கும்போது இன்னும் தூக்கும்.

"உங்க போர்டு பிசிஐ-இ ஜென் 3, இந்தக் கார்டு ஜென் 4, அதான் எழலை, போர்டை மாத்துங்க அண்ணே" என்று கடையில் யாராவது சொன்னால் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். புதிய தலைமுறைக் கார்டு பழைய தலைமுறை ஸ்லாட்டில் வேகம் குறைத்து ஓடும்படிதான் அந்தத் தரமே எழுதப்பட்டிருக்கிறது. விதிவிலக்கு, கார்டைச் செங்குத்தாக நிறுத்த ரைசர் கேபிள் போட்டிருப்பவர்கள். ஜென் 3 ரைசர் வழியாக ஜென் 4 கார்டை ஓட்டினால் கறுப்புத் திரை வரலாம். பயாஸில் ஸ்லாட்டை ஜென் 3 என்று கையால் அமைத்தால் போதும்.

லோகோ வருகிறது, விண்டோஸுக்குள் போகும்போது கறுப்பாகிறது என்றால் இது பூட் கோளாறே இல்லை, டிரைவர் சண்டை. சேஃப் மோடில் போய்ப் பழைய கார்டின் டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

பயாஸில் கை வைக்கும் முன்

நில்லுங்கள். வன்பொருளைவிட உங்கள் ஃபைல்களுக்கு ஆபத்து இங்கேதான்.

2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால், உங்களைத் தனியாகக் கேட்காமலே டிஸ்கை என்க்ரிப்ட் செய்துவிடும். ஹோம் பதிப்பிலும்தான். பூட்டு எப்போதும் தானாகத் திறந்துகொள்வதால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பயாஸை ரீசெட் செய்தாலோ, செக்யூர் பூட்டை மாற்றினாலோ, அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்பு சந்தேகப்பட்டுச் சாவியைத் தர மறுத்துவிடலாம். நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அந்தக் கீ இல்லையென்றால் டிஸ்கில் இருப்பதை யாராலும் எடுக்க முடியாது, மைக்ரோசாஃப்டாலும். "நாங்க எடுத்துத் தர்றோம் சார்" என்று முன்பணம் கேட்கும் கடைக்காரராலும்தான். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போனிலிருந்தே நுழைந்து சாதனங்கள் பகுதியில் கீ இருக்கிறதா என்று பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகே, பயாஸை ரீசெட் செய்யப் போர்டின் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணக்கு என்றால் கீ அவர்களிடம் இருக்கும்.

அடுத்தது சிஎஸ்எம் பொறி. இது பழைய பயாஸ் முறையைப் போல நடிக்கும் ஓர் அமைப்பு. புதுக் கார்டுகள் சில சிஎஸ்எம் போட்ட போர்டில் விண்டோஸ் வரும்வரை படமே காட்டாது. ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ வகைக் கார்டுகளுக்கு 2023-இலும், 5060 வகைக்கு 2025-இலும் இதற்காகவே என்விடியா ஃபர்ம்வேர் அப்டேட் வெளியிட்டது. சரி, சிஎஸ்எம்மை அணைத்தால் கார்டு எழும். எழுந்தபின், "பூட் டிவைஸ் இல்லை" என்று இன்னொரு செய்தி வரும்! பல வருடம் முன் பழைய முறையில் நிறுவிய விண்டோஸின் டிஸ்க் எம்பிஆர் வடிவில் இருக்கும். பயாஸின் புது முறையான யுஇஎஃப்ஐ-க்கு அதிலிருந்து விண்டோஸைப் பூட் செய்யத் தெரியாது. டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து, விண்டோஸை மறுபடி போடுகிறேன் என்று ஃபார்மேட் அடிக்கிறார்கள். கொலை அது! டிஸ்கில் ஒரு எழுத்துகூட அழிந்திருக்காது. சிஎஸ்எம்மை மறுபடி ஆன் செய்து, பழைய கார்டோடு உள்ளே போய், எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் பேக்கப் எடுங்கள். பிறகு விண்டோஸ் 10-இல் 2017 முதலே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்கை மாற்றிக்கொண்டு, அதன்பின் சிஎஸ்எம்மை அணைத்துப் புதுக் கார்டைப் போடுங்கள். வரிசை மாறக் கூடாது.

தலைகீழாகவும் நடக்கும். யுஇஎஃப்ஐ காலத்துக்கு முந்தைய பழைய கார்டைப் புதுப் போர்டில் மாட்டினால், சிஎஸ்எம் இல்லாமல் அது படமே தராது.

பயாஸ் ரீசெட்டில் மூன்றாவது வம்பு, டிஸ்க் ஓடும் முறை. சில ஆபீஸ் மாடல்களில் டிஸ்க் 'ரெய்டு' முறையில் அமைத்து வந்திருக்கும். ரீசெட்டிலோ, கை பட்டோ அது 'ஏஎச்சிஐ' என்று மாறினால் விண்டோஸ் நீலத் திரை காட்டி விழும். மாற்றும் முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

பயாஸ் அப்டேட் செய்தால்தான் தீரும் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு செங்கல். ஏஎம்டி போர்டுகளில் அப்டேட்டுக்குப் பிறகு எஃப்டிபிஎம் (பிராசஸருக்குள் இருக்கும் டிபிஎம்) ரீசெட் செய்யவா, 'ஒய்' அல்லது 'என்' என்று கேட்டால், ரெக்கவரி கீ கையில் இல்லாதவரை 'என்' அழுத்துங்கள்.

யுபிஎஸ் என்றதும் இன்னொன்று. 600 விஏ என்று எழுதிய வீட்டு யுபிஎஸ் பலவற்றின் உண்மையான திறன் 360 வாட்தான். புதுக் கார்டோடு கேம் ஆடும்போது கரண்ட் போனால் அது கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். கார்டில் கோளாறு என்று அதையும் கழற்றிக்கொண்டு ஓடாதீர்கள். கேம் தொடங்கியதும் கம்ப்யூட்டரே அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். பெரிய கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, சராசரியைவிடப் பல மடங்கு மின்சாரத்தை உறிஞ்சும். இதனால்தான் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், எஸ்எம்பிஎஸ் தன் திறனைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்று விதித்தது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வரவே வேண்டாம். நம் ஊர் 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கபாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆளையே கொல்லும். பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஊக்கால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்கும் வித்தையும் அவ்வளவு பிரயோஜனமில்லை. விசிறி சுற்றுவதைக் காட்டும். 170 வாட் கார்டைத் தாங்குமா என்று காட்டாது.

செகண்ட் ஹேண்ட் கார்டா? இரட்டை உஷார்

2022 செப்டம்பர் 15-இல் ஈதரியம் நாணயம் கிராபிக்ஸ் கார்டுகளால் சுரங்கம் தோண்டும் முறையைக் கைவிட்டது. அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றின் பயாஸ் சுரங்கத்துக்கென்று திருத்தப்பட்டிருக்கும். சாதாரணக் கம்ப்யூட்டரில் திரை வராது, அல்லது டிரைவர் ஏற மறுக்கும். சில கார்டுகளின் விளிம்பில் இரண்டு பயாஸுக்கு இடையே மாற்றும் குட்டி ஸ்விட்ச் இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அதைத் தள்ளிப் பாருங்கள்.

அதைவிட மோசம் போலி. ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய சிப்புகளின் பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். விண்டோஸும் அதே பெயரைத்தான் காட்டும். டிரைவர் போட்டதும் குட்டு வெளிப்படும். ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவி இத்தகைய கார்டுகள் பலவற்றின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே காட்டிவிடும். காசு கொடுக்கும் முன், விற்பவர் கண் முன்னாலேயே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, இந்தக் கருவியை ஓட்டி, பத்து நிமிடமாவது ஒரு கனமான கேமை ஆடிப் பாருங்கள். "இங்க டெஸ்டிங் வசதி இல்ல தம்பி, வீட்டுல போய் மாட்டிக்குங்க, கேரண்டி" என்பவரிடம் வாங்காதீர்கள்.

எல்லாம் பார்த்தும் எழவில்லை என்றால், அதே கார்டை இன்னொருவரின் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். அங்கேயும் எழவில்லை என்றால் கார்டு. அங்கே எழுந்தால் உங்கள் எஸ்எம்பிஎஸ் அல்லது போர்டு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். சர்வீஸ் கடையில் கொடுத்தால், கார்டின் சீரியல் எண்ணையும் எஸ்எஸ்டி, ராம் ஆகியவற்றின் லேபிளையும் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். "போச்சு" என்று சொல்லும் பாகத்தை உங்கள் முன்னால் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கார்டின் ஸ்க்ரூ மேல் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கரைக் கிழிக்க யாரையும் விடாதீர்கள்.

கார்டு இன்னும் வாங்கவில்லை, அடுத்த வாரம்தான் என்றால், நீங்கள் பிழைத்தீர்கள். இன்றைக்கே கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படம் எடுங்கள், கார்டுக்கான 8 பின் கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த 48 இலக்க எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள், படங்களை வெளி டிஸ்கில் ஏற்றுங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.